பச்சைக்குக் களச்சோதனை தேவையில்லை

அனுப்புநர்
தையற்காரர்,
சரிவடித் தெரு, கடைசிக்கு முந்தைய வீடு
(கீழே கடை, மேலே குடியிருப்பு).

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தாவர நிலைத் தொலையுணர்வு ஆய்வகம்.

பொருள்: எங்கள் தெருவின் பின்புறச் சரிவு தங்கள் வரைபடத்தில் "நல்ல நிலையில் உள்ள மரப்பரப்பு" எனப் பச்சை நிறத்தில் காட்டப்பட்டு வருவது – அந்தப் பச்சையை நீக்கி, மழைக்கு முன் நேரில் ஆள் அனுப்பிச் சோதிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் ஆய்வகத்தில் பட ஆய்வாளராகப் பணிபுரிந்த என் மருமகள் அளித்த களச்சோதனைக் கோரிக்கை.
2. ஒளி அளக்கும் கருவியைத் திருப்பி ஒப்படைக்குமாறு எங்கள் வீட்டுக்கு வந்த தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தையற்காரன். மனு எழுதிப் பழக்கமில்லை. நீதிமன்ற வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் முதலில் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, இதில் பாதியை எடுத்துவிட வேண்டும், அதிகாரிகளுக்குக் கதை ஆகாது என்றார். எந்தப் பாதியை எடுப்பது என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். சொற்குற்றம் இருந்தால் பொறுத்தருள வேண்டும். பொருட்குற்றம் இருக்காது.

2. எங்கள் தெரு சரிவின் அடியில் இருக்கிறது. பின்பக்கச் சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மண் மேலேறத் தொடங்கிவிடும். தெருவின் கடைசிக் கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் நடக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாலையில் வந்து அழைத்துப் போகிறார்கள். காப்பகத்தின் பின்சுவரும் சரிவும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. இந்த மனு முழுவதும் அந்த ஒரு சுவரைப் பற்றியது என்று தாங்கள் எடுத்துக்கொண்டால் போதும். மற்றதையெல்லாம் ஒரு கிழவனின் துக்கம் என்று ஒதுக்கிவிடலாம்.

3. சில ஆண்டுகளுக்கு முன் சரிவின் உச்சியில் போகும் சாலையை அகலப்படுத்தினார்கள். தோண்டிய மண்ணை ஏற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு அப்படியே சரிவில் தள்ளினார்கள். மரங்களின் அடிப்பகுதி மண்ணில் புதைந்தது. வேருக்கு மேல் மண் மூடினால் மரம் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்பது என் மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவை ஒரே நாளில் சாகவில்லை. முதலில் உச்சிக் கிளைகள் காய்ந்தன, பிறகு பட்டை உரிந்தது. அதற்குள் எங்கிருந்தோ ஒரு கொடி வந்து சேர்ந்தது. ஒரு மழைக்காலத்தில் பாதி மரம் ஏறியது. அடுத்த மழைக்காலத்தில் மரத்துக்கு மரம் தாவிச் சரிவு முழுவதையும் போர்த்திவிட்டது. பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. தெருவில் எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

4. தங்கள் துறையைப் பற்றித் தங்களுக்கே சொல்வது கொல்லர் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் எனக்கு விளங்கியதைச் சொன்னால்தான், நான் எங்கே பிசகாகப் புரிந்துகொண்டேன் என்று தாங்கள் திருத்த முடியும். உயிருள்ள இலை, வெயிலில் இருக்கும் சிவப்பு ஒளியைத் தின்றுவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி எறிந்துவிடுகிறது. செயற்கைக்கோள் மேலே இருந்து இரண்டையும் அளக்கிறது. நிறையத் தின்று நிறைய எறிந்தால் அந்த இடத்துக்கு வரைபடத்தில் பச்சை. குறைந்தால் மஞ்சள், இன்னும் குறைந்தால் சிவப்பு. இதை என் மருமகள் எங்கள் இஸ்திரி மேசை மேல் துண்டுத் துணிகளைப் பரப்பி எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். செயற்கைக்கோள் கோட்டின் மேல்துணியை மட்டும்தான் தடவிப் பார்க்கிறது, உள்ளே லைனிங் இற்றுப் போயிருந்தால் அதற்குத் தெரியாது என்று என் தொழிலிலிருந்தே உவமை எடுத்துச் சொன்னாள். என்னிடம் தைக்க வருகிறவர்கள்கூடத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

5. என் மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். ஆகவே வீட்டில் நானும் என் மனைவியும் மருமகளும்தான். மாமனார் மருமகள் என்றால் அளந்துதான் பேச வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் அளவு நாடா கடையோடு சரி. நான் பிடிவாதக்காரன் என்று அவள் சொல்வாள், அவள் வாய்க்காரி என்று நான் சொல்வேன், என் மனைவி இருவரையும் சாப்பிடக் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், பின்பக்கச் சன்னலில் நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு, "மாமா, இந்தச் சரிவு வருஷம் முழுக்க ஒரே பச்சையா இருக்கு. அதான் பயமா இருக்கு" என்றாள்.

6. பச்சையாக இருந்தால் நல்லதுதானே என்று நான் கேட்டேன். அவள் விளக்கியது இது. அந்தச் சரிவில் இருந்தவை கோடையில் இலை உதிர்த்து மழையில் தழைக்கும் மரங்கள். முந்தைய ஆண்டுகளின் படங்களை வரிசையாக வைத்தால் அந்தப் பச்சை மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். இப்போது கொடி மூடிய பிறகு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, கோடு நேராகப் போகிறது. கோடையில் உதிராத மரம் கோடையில் பிழைத்த மரமல்ல, அங்கே மரமே இல்லை என்றாள். மரம் செத்தால் வேர் மட்கும், வேர் மட்கினால் மண்ணைப் பிடித்து வைக்க ஒன்றும் இராது, ஒரு பெரிய மழை போதும் என்றாள். அன்று இரவு என் மனைவி காப்பகத்துப் பிள்ளைகளின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே படுத்திருந்தாள்.

7. மறுநாளே என் மருமகள் களச்சோதனைக் கோரிக்கை கொடுத்தாள் (பார்வை 1). தங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மஞ்சளும் சிவப்பும் காட்டும் இடங்களுக்கு மட்டுமே நேரில் ஆள் போவார்கள். பச்சைக்குக் களச்சோதனை தேவையில்லை. அவளுடைய பிரிவுத் தலைவர் கோரிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பச்சையப் பாக்கறதுக்கு வண்டி குடுத்துட்டா, காஞ்ச இடத்துக்கு எதுலம்மா போறது?" என்று கேட்டாராம். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இருப்பது ஒரு வண்டி, பார்க்க வேண்டிய இடம் ஊர் முழுக்க. பின்னர் என் மருமகளின் அடக்கத்தின்போது அவர் வந்து கடைசி வரை நின்றார். ஆனால் வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதரை அப்பாவி என்று விட்டுவிடலாம். பச்சையெல்லாம் மரம் என்று ஓர் அலுவலகமே நம்பினால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

8. கோரிக்கை திரும்பி வந்த அன்று அவள் என்னிடம் ஒரு கறுப்புச் சட்டை தைத்துத் தரச் சொன்னாள். இலை எறியும் ஒளியை அருகில் நின்று அளக்கிறவர் வெளிர் நிறமோ பளிச்சென்ற நிறமோ உடுத்தக் கூடாதாம். உடுப்பின் நிறம் இலை மேல் பட்டுக் கணக்கைக் கெடுத்துவிடுமாம். அலுவலகத்தில் கொடுத்திருந்த கறுப்பு அங்கி இரண்டு ஆள் புகும் அகலத்தில் இருந்தது. நான் பளபளப்பில்லாத பருத்தியில், முழுக்கை வைத்து, பொத்தான்களைக்கூட அதே துணியால் மூடித் தைத்தேன். உள்ளே ஒரு பை வைத்தேன். அது வெள்ளைத் தட்டுக்கு. ஒவ்வொரு முறை அளக்கும் முன்பும் கருவியை ஒரு வெள்ளைத் தட்டின் மேல் காட்டி, முழு வெளிச்சம் என்றால் இவ்வளவு என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். தட்டில் ஒரு விரல் பட்டாலும் எண்ணெய்ப் பசை ஏறி அளவு தவறிவிடும் என்று, அவள் அதை என் கடைக்குள் திறக்கவே மாட்டாள். என் கடையில் துணியில் குறி போடும் சாக்குக்கட்டியின் தூளும் நூல் பிசிறும் பறந்துகொண்டே இருக்கும். குழந்தையை வைத்திருப்பவள்கூட அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருக்க மாட்டாள். நானும் கேலி செய்வேன்.

9. வார விடுமுறை நாளில் அவள் சரிவில் ஏறினாள். கருவி அறைப் பொறுப்பாளர் அவள் மேல் நம்பிக்கை வைத்துக் கருவியைக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று இந்த மனு மூலம் கேட்டுக்கொள்கிறேன். வெயில் உச்சிக்கு வரும்போதுதான் அளவு சரியாக இருக்கும், சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சாப்பாடு ஆறிப்போன பிறகு நான் கூப்பிட்டேன். கைப்பேசி மணி அடிக்கவே இல்லை.

10. காவல் நிலையத்தில் சொன்னோம், தீயணைப்பு நிலையத்திலும் சொன்னோம். ஆட்கள் வந்தார்கள். சரிவு செங்குத்தாக இருப்பதால், எங்கே கயிறு கட்டி இறங்குவது என்று தெரிந்துகொள்ளத் தங்கள் ஆய்வகத்தின் உதவியைக் கேட்டார்கள். தாங்கள் உடனே உதவினீர்கள், அதை நான் மறைக்கவில்லை. அன்று மாலையும் மறுநாள் விடிந்ததும் தங்கள் ட்ரோன் சரிவுக்கு மேலே சுற்றிப் படம் எடுத்தது. கொடிப்பரப்பில் எந்த இடத்திலும் கிழிசலோ பள்ளமோ காணப்படவில்லை, ஆகவே அவ்வழியே யாரும் சென்றதற்கு அடையாளம் இல்லை என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பேருந்து நிலையத்துக்கும் ஆற்றோரத்துக்கும் தேடப் போய்விட்டார்கள். காவல் அதிகாரி என்னைத் தனியாக அழைத்து, வீட்டில் ஏதேனும் மனத்தாங்கலா, மாமியார் ஏதாவது சொன்னாரா என்று விசாரித்தார். என் மனைவி அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இன்று வரை அவள் வாசலுக்கு வருவதில்லை.

11. படம் என்ன சொன்னாலும் அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் தெருக்காரர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறினார்கள். நான் என் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். அதைக்கொண்டு காகிதம் வெட்டினாலே கடைப் பையன்களைத் திட்டுகிறவன் நான். அன்று கை மரத்துப்போகும் வரை அதைக்கொண்டு தழை வெட்டினேன். தரையென்று நினைத்து நாங்கள் நின்ற இடம் தரையே இல்லை. செத்து விழுந்த மரங்களுக்கு நடுவே ஆழமான பள்ளங்கள், அவற்றின் மேல் கட்டில் கயிறுபோல் கொடி பின்னிக் கிடந்தது. காலை வைத்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆள் இறங்கியதும் மறுபடி மேலெழும்பி மூடிக்கொள்ளும். கிழிசல் இல்லை என்று தங்கள் ஆய்வகம் எழுதியது பொய்யல்ல. அது கிழியாத துணி.

12. அவள் ஒரு பள்ளத்தின் அடியில் கிடந்தாள். இரண்டு முறை எங்கள் ஆட்கள் அதே இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தார்கள். நிழலில் கறுப்புச் சட்டை தெரியவில்லை. பொத்தானாவது பளபளவென்று இருந்திருக்கலாம். அதையும் நான்தான் மூடித் தைத்தேன். பரிசோதித்த மருத்துவர், கால் முறிந்திருந்தது, தலையில் அடியில்லை, விழுந்ததற்கு மறுநாள் பகல் வரை உயிர் இருந்திருக்க வேண்டும் என்றார். அப்படியானால் தங்கள் ட்ரோன் மேலே பறந்தபோது கீழே அவள் உயிரோடு இருந்தாள். அதன் இரைச்சலை அவள் கேட்டிருப்பாள். நம் ஆபீஸ் ட்ரோன்தான் என்று அடையாளமும் கண்டுகொண்டிருப்பாள்.

13. இது என் ஊகம் என்று தாங்கள் நினைக்கலாம். கருவி அவள் தோளில் உறையோடு இருந்தது. வெள்ளைத் தட்டு சட்டையின் உள்பையில் இல்லை, கையில் இருந்தது. கையை அவள் தலைக்கு மேலே நீட்டியபடி வைத்திருந்தாள். ஒரு விரல் படக் கூடாது என்றவளுடைய பத்து விரலும் அதில் பதிந்திருந்தன. மண்ணைச் சட்டையிலேயே துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி உயர்த்தியிருக்கிறாள். தன்னிடம் இருந்தவற்றில் வெளிச்சத்தை முழுதாகத் திருப்பி எறியக்கூடியது அது ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும். இடையில் இலை இருந்தது. இலை என்ன செய்யும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

14. அடக்கம் முடிந்த வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கடிதம் தங்களுடையது (பார்வை 2). கருவியை உரிய நிலையில் ஒப்படைக்குமாறு கேட்டிருந்தீர்கள். நானே கொண்டுவந்து கொடுத்தேன். அதைப் பெற்றுக்கொண்டவர் ரசீதில், "வெள்ளைத் தட்டு கைரேகை படிந்து பயனற்றதாகிவிட்டது" என்று எழுதினார். அவர் தன் வேலையைச் செய்தார். பயனற்றது என்றால் அதை எனக்கே கொடுத்துவிடும்படி கேட்டேன், விதியில் இடமில்லை என்றார். அதற்காகவும் இந்த மனுவை எழுதவில்லை. அதைக் கழித்துப் போடும் நாள் வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும்.

15. எழுதுவது இதற்காக. தங்களுடைய புதிய வரைபடம் வெளியாகியிருக்கிறது. எங்கள் சரிவு அதில் முன்னைவிட அடர்ந்த பச்சையாக இருக்கிறது, "மிக நன்று" என்ற வகைக்கு ஏறிவிட்டது. அவளை எடுக்க நாங்கள் வெட்டித் திறந்த இடத்தைத் தேடினேன். அங்கேயும் பச்சை. கொடி வளர்ந்து மூடிவிட்டது.

16. இதற்கிடையில் காப்பகத்தின் பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. முதலில் நூல் நுழையும் அளவில் இருந்தது, இப்போது என் விரல் நுழைகிறது. சுவருக்கு வெளியே நிற்கும் விளக்குக் கம்பம் தெருப்பக்கம் சாய்ந்துவிட்டது. மழையே இல்லாத நாளிலும் சரிவின் அடியில் செம்மண் நீர் கசிகிறது. நகர அலுவலகத்தில் போய்ச் சொன்னோம். அங்கே இருந்த அம்மையார் எங்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார், வெடிப்பின் படத்தையும் பார்த்தார். பிறகு தங்கள் வரைபடத்தைக் கணினியில் திறந்து எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இதுல பச்சைன்னு இருக்கற வரைக்கும் எங்க கை கட்டியிருக்குங்க" என்றார். பச்சையை எடுத்துவிட்டால் மறுநாளே காப்பகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்ற ஆணையிட முடியும் என்றும் சொன்னார். காப்பகத்தை நடத்துகிறவரோ, ஆணை இல்லாமல் மாறினால் உரிமம் போய்விடும் என்று கையைப் பிசைகிறார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிப்பதற்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து காத்துக்கொண்டிருக்கிறோம்.

17. ஆகவே ஐயா அவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. அந்தச் சரிவுக்கு ஒரு மனிதரை அனுப்புங்கள். மழைக்கு முன் அனுப்புங்கள். கருவி வேண்டாம். ஒரு நீளக் கோலைக் கொடிக்குள் விட்டுப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அவர் திரும்பி வந்து பச்சைதான் என்று சொன்னால் நான் இந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தங்கள் அலுவலக வாசலில் நின்று மன்னிப்பும் கேட்பேன். இல்லை என்று சொன்னால் அந்த நிறத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். என் மருமகள் விடுமுறை நாளில் அனுமதியின்றிச் சரிவுக்குச் சென்றாள் என்று கோப்பில் எழுதியிருக்கிறீர்களாமே, அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அவள் திருத்தச் சொன்னது அதையல்ல.

18. வருகிறவருக்காக ஒரு சட்டை தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாததால் தோள்பட்டையில் சற்றுத் தாராளமாகவே வெட்டியிருக்கிறேன், யாருக்கும் பொருந்தும். நிறம் ரத்தச் சிவப்பு. தங்கள் கருவிகளுக்கு இந்த நிறம் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கால் வைக்கும் இடம் உள்ளே வாங்கிக்கொண்டால், எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

தங்கள் ஆளை எதிர்பார்த்து, கயிற்றோடு காத்திருக்கும்,

(கையொப்பம்)
தையற்காரர்

இடம்: சரிவடித் தெரு
நாள்: முதல் மழைக்கு முன்

இணைப்பு: 1. கருவி ஒப்படைத்த ரசீதின் நகல்.
2. காப்பகப் பின்சுவரின் புகைப்படம், விரலோடு.
3. சட்டை ஒன்று.